பட்டன் தைத்த செருப்பு

1801-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஊமைத்துரை மீண்டும் எழுப்பியிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கும்பினிப் படை கைப்பற்றியது. கைப்பற்றியதோடு வெள்ளையரின் சினம் தணிந்துவிடவில்லை. கோட்டையைத் தரைமட்டமாக்கினர். அவ்வூரின் பெயரே இருத்தலாகாது என்று மாவட்டத்துப் பதிவேடுகளிலிருந்தும் நீக்கினர். அதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்னரே, 1799 அக்டோபர் 16 அன்று, கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டிருந்தார். ஆள் இல்லை, கோட்டை இல்லை, ஏட்டில் ஊர்ப்பெயரும் இல்லை. இனி அவர்களை யார் நினைக்கப் போகிறார்கள் என்று அதிகாரிகள் எண்ணியிருக்க வேண்டும்.

ஆனால் எழுதத் தெரியாதவர்களிடம் ஏட்டை அழித்து என்ன பயன்? கதைப்பாடலாகவும், கும்மியாகவும், தெருக்கூத்தாகவும் அக்கதை திருநெல்வேலிச் சீமையின் ஊர்களில் உலவிக்கொண்டே இருந்தது. கட்டபொம்மனோடு நின்ற வெள்ளையத்தேவன், சுந்தரலிங்கம் முதலியோரின் பெயர்களும் அவற்றோடு சேர்ந்து உயிர்த்திருந்தன. 1974-இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டையை எழுப்பியபோது, அப்பெயரை மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

இஃது எல்லாரும் அறிந்த செய்தியே. இதைவிட அரிய செய்தி ஒன்று உண்டு. அதைப் பற்றியே இம்மாதம் வாசகர்களோடு உரையாட விழைகிறோம். கட்டபொம்மன் ஒரு பாளையக்காரர். நண்பர் எழுதாவிட்டாலும் பகைவராவது அவரைப் பற்றி எழுதி வைத்தனர். கும்பினியாரின் கடிதங்களில் அவர் பெயர் உண்டு. எவருடைய ஏட்டிலும் ஒருபோதும் இடம்பெறாத எளியோரின் நிலை என்ன? மாடு காத்தவன், தோல் பதனிட்டவன், செருப்புத் தைத்தவன், அவன் பெற்ற மக்கள் ஆகியோர் வாழ்ந்து மடிந்ததற்கு என்ன சாட்சி இருக்கிறது? அவர்களுக்குப் பாட்டு ஒன்றே பதிவேடு. அந்தப் பதிவேட்டையும் ஒரு கை திருத்தப் பார்த்தது என்பதே நாம் சொல்ல வந்த செய்தி.

நெல்லை, குமரி மாவட்டங்களில் சிற்றூர்த் தெய்வங்களுக்கு எடுக்கும் திருவிழாவைக் கொடை என்பர். கொடை இரவில் வில்லுப்பாட்டு இன்றியமையாதது. மணிகள் கட்டிய நீண்ட வில்லை ஒரு குடத்தின் மேல் பொருத்தி, வீசுகோலால் நாணை அடித்துத் தலைமைப் பாடகர் கதையைத் தொடங்குவார். குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியன உடன் ஒலிக்கும். பின்பாட்டுக்காரர்கள் அடியை ஏந்திப் பாடுவர். வானொலியிலும் மேடையிலும் காந்தியடிகளின் கதை முதல் குடும்ப நலம் வரை வில்லிசையில் கேட்டுப் பழகியவர்கள் அதைப் பொழுதுபோக்கு என்றே எண்ணக்கூடும். அக்கலையை நகரங்களுக்குக் கொண்டுவந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்கும், 2022-இல் மறைந்த சுப்பு ஆறுமுகத்திற்கும் நாம் நன்றி உடையவர்களே. எனினும் கொடையில் பாடப்படும் வில்லுப்பாட்டு வேறு வகையானது. அங்கே கேட்போர் கைதட்டுவதற்காக வருவதில்லை. கதைக்கு உரியவரே வந்து கேட்பதாக அவர்கள் நம்புகின்றனர்.

அக்கதைகளுள் இரு வகை உண்டு. கயிலாயத்தில் பிறந்து பூமிக்கு இறங்கிய தெய்வங்களின் கதைகள் ஒரு வகை. இம்மண்ணிலேயே பிறந்து, வெட்டுண்டும் குத்துண்டும் காலம் வருமுன் மாண்டவர்களின் கதைகள் மற்றொரு வகை. அவ்வாறு மாண்டவர்கள் அமைதி அடையாது அலைவர் என்றும், அவர்களுக்குக் கோயில் எடுத்து, அவர்கள் கதையை ஆண்டுதோறும் அவர்கள் செவியிலேயே பாட வேண்டும் என்றும் மக்கள் கருதினர். சாவு நிகழும் கட்டத்தைப் பாடகர் நெருங்கும்போது சாமியாடி நடுங்கத் தொடங்குவார். இந்த மரபை நேரில் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் வெளியிட்ட நூலில் இவ்விரு வகைகளையும் விரிவாக விளக்கியிருக்கிறார். சமய நம்பிக்கை என்ற அளவில் இது நம்முடையதன்று. ஆனால் அதனுள் இருக்கும் நீதியுணர்வை நாம் மதிக்காமல் இருத்தல் இயலாது. அநியாயமாகக் கொல்லப்பட்டவனுக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது. அக்கடனை அவன் கதையை மறவாதிருந்து கழிக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

இரண்டாம் வகைக் கதைகளுள் தலைசிறந்தது முத்துப்பட்டன் கதை. ஆண்டும் தேதியும் அப்பாட்டில் இல்லை. ஆயினும் ஊரும் ஆறும் மலையும் உண்டு. பாபநாசத்திற்கு மேலே, காரையாற்றை ஒட்டிய காட்டினுள், தாமிரவருணிக் கரையில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றும் பட்டவராயன் என்ற பெயரால் அவனுக்குச் சந்நிதி உண்டு. ஆடி அமாவாசைக்குப் பல்லாயிரவர் அங்கே கூடுகின்றனர். நடந்த கதை என்றே அவர்கள் அதைப் போற்றுகின்றனர்.

கதையைச் சுருங்கக் கூறுவோம். முத்துப்பட்டன் அந்தணன், உடன்பிறந்தாருள் இளையவன். தமையன்மாரோடு பிணங்கி மலைக்கு அப்பால் சென்று கொட்டாரக்கரை அரசனிடம் பணி செய்தான். பின்னர்த் தமையன்மார் தேடிவந்து அழைக்க, அவர்களோடு ஊர் திரும்பும் வழியில், காட்டினுள் இரு பெண்கள் பாடும் குரலைக் கேட்டான். பொம்மக்கா, திம்மக்கா என்னும் அவ்விருவரும் வாலப்பகடை என்பவனின் மக்கள். வாலப்பகடை மாட்டுக் கிடை காப்பவன். செத்த மாட்டின் தோலை உரித்துச் செருப்புத் தைக்கும் குலத்தவன். அந்தணன் ஒருவன் தங்களைப் பின்தொடர்வதைக் கண்டு அஞ்சி ஓடிய பெண்கள் தந்தையிடம் முறையிட்டனர். அவன் அரிவாளோடு புறப்பட்டு வந்தான். வந்தவன் கண்டது, மயங்கிக் கிடந்த ஓர் இளைஞனையே.

இக்கதையின் நெஞ்சு என்று நாம் கருதுவது இனி வரும் உரையாடலைத்தான். பெண்களை மணம் செய்து தருமாறு பட்டன் வேண்டுகிறான். எந்தத் தந்தையும் மகிழ்ந்துவிடுவான் என்று நாம் எண்ணுவோம். பகடை மகிழவில்லை. உம்மவர் எம்மைத் தீண்டமாட்டார். எம் உணவு வேறு, தொழில் வேறு. இன்று ஆசையால் கேட்பீர், நாளை எம் பெண்களைக் கைவிட்டுப் போவீர் என்கிறான். இறுதியில் ஒரு நிபந்தனை விதிக்கிறான். பூணூலை அறுத்து எறிய வேண்டும். குடுமியைக் களைய வேண்டும். தோலை அறுத்துச் செருப்புத் தைக்கப் பழக வேண்டும். தைத்ததைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்று வர வேண்டும். அதன்பின் பெண் தருவேன் என்கிறான். உயர்ந்தோன் எனப்பட்டவன் தாழ்ந்தோன் எனப்பட்டவனிடம் தேர்வு எழுதும் காட்சி இது! நம் இலக்கியங்களில் இதற்கு இணையாக மற்றொன்றைத் தேடினால் எளிதில் கிட்டாது.

தமையன்மார் தடுத்தனர், அவனைக் கல்லறையொன்றில் அடைத்தும் வைத்தனர். அவன் தப்பி வந்து, சொன்னபடியே செய்தான். திருமணம் நடந்தது. மணநாள் இரவிலேயே கொள்ளையர் வந்து பகடையின் மாடுகளை ஓட்டிச் சென்றனர். புதுமாப்பிள்ளை வாளெடுத்துச் சென்று அவர்களை வென்றான். வென்றபின் நீரில் இறங்கிக் குருதியைக் கழுவுகையில், மறைந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்திக் கொன்றான். பெண்கள் இருவரும் சிங்கம்பட்டிச் சிற்றரசனிடம் சென்று அனுமதி பெற்று, கணவனுக்கு மூட்டிய தீயிலேயே பாய்ந்தனர் என்று பாட்டு முடிகிறது. தீப்பாய்தலைப் போற்றுவதற்காக இதை நாம் எழுதவில்லை. அதுவும் ஒரு கொடுமையே. பாட்டு கூறியதைக் கூறினோம்.

இப்பாட்டின் ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு, 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகப் பதிப்பித்தவர் பேராசிரியர் நா. வானமாமலை. நாங்குநேரியில் 1917-இல் பிறந்து 1980-இல் மறைந்த அப்பெரியார், நாட்டுப் பாடல்களைக் கற்றோர் ஏளனம் செய்த காலத்தில், அவற்றை ஊர் ஊராகத் திரட்டியவர். அவர் பல பாடங்களை ஒப்புநோக்கியபோது ஒரு வேறுபாடு வெளிப்பட்டது. பழைய பாடத்தில் பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடையின் சொந்த மக்கள். பின்னாளில் எழுந்த பாடத்திலோ அவர்கள் பிறப்பால் அந்தணப் பெண்கள். பகடை அவர்களை எடுத்து வளர்த்தவன் மட்டுமே!

ஒரே ஒரு செய்திதான் மாறியது. பட்டனின் வீரம் குறையவில்லை, பெண்களின் கற்பு குறையவில்லை, அழுகை குறையவில்லை. கேட்பவர் கண்ணீரோடு வீடு செல்லலாம். ஆனால் கதையில் நடந்தது என்ன என்பதே தலைகீழாகிவிட்டது. அந்தணன் அந்தணப் பெண்களையே மணந்தான் என்றால் பிறகு அங்கே மீறல் எங்கே? யாருக்கு என்ன உறுத்தல்? வாலப்பகடை என்னும் தந்தை வெறும் செவிலித் தந்தை ஆகிவிட்டான். அவன் விதித்த நிபந்தனை விளையாட்டாகிவிட்டது.

இத்தகைய கைவரிசை இக்கதை ஒன்றோடு நிற்கவில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்தருகே கோயில்கொண்டுள்ள மதுரை வீரனை அறியாதவர் யார்? மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாண்டவன் அவன். அவன் செருப்புத் தைக்கும் சின்னான், செல்லி என்போரின் வீட்டில் வளர்ந்தவன். ஆனால் அச்சில் வந்த கதையில் அவன் காசி மன்னனின் மகன். மாலை சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டவன். 1956-இல் வெளிவந்த எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படமும் அவனை அரச குலத்தவனாகவே காட்டியது. ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவேற்றப்பட்ட காத்தவராயனோ, சாபத்தால் பூமிக்கு வந்த தேவ மைந்தனாகிவிட்டான். தாழ்ந்த குலத்தவன் ஒருவன் வீரனாயிருந்தான், காதலித்தான், அதற்காகக் கொல்லப்பட்டான் என்பதை அப்படியே ஏற்க முடியாத யாரோ, பிறப்பை மட்டும் மாற்றிவிட்டனர் என்பது வானமாமலை போன்ற ஆய்வாளர்களின் முடிவு. அதுவே சரி என்று நமக்கும் படுகிறது. இத்தனை கதைகளிலும் ஒரே இடத்தில், ஒரே வகையில் ஒட்டுப் போட்டிருப்பது தற்செயல் ஆகாது.

பாடியவர்களைப் பழிப்பதும் தவறு. வில்லுப்பாட்டுக்காரருக்கு அது வயிற்றுப்பாடு. கொடைக்கு அழைப்பவர் யார், வெற்றிலையில் பணம் வைப்பவர் யார், முன்வரிசையில் அமர்பவர் யார் என்று பார்த்தே அவர் பாட வேண்டியிருந்தது. ஊர்ப் பெரியவரின் முகம் சுளிக்கும் இடத்தைப் பாடகர் மெல்லத் தாண்டிச் செல்வார். அடுத்த ஆண்டு அவ்விடத்தில் ஒரு சமாதானம் சேர்ப்பார். அதற்கடுத்த தலைமுறைக்கு அச்சமாதானமே கதையாகிவிடும். இதில் சூழ்ச்சியைவிட அச்சமே மிகுதியாக இருந்திருக்கக்கூடும்.

ஆனால் திருத்தியவர் எவராயினும், முழுவதையும் திருத்த அவரால் இயலவில்லை. இதுவே நாட்டுப் பாடலின் பெருவியப்பு. பிறப்பை மாற்றினார், பகடையின் கேள்விகளை நீக்க முடியவில்லை. அவற்றை நீக்கினால் கதையே நின்றுவிடும். பூணூலை அறுத்த அடிகளை நீக்க முடியவில்லை. கேட்போர் அதற்காகவே விழித்திருந்தனர். எல்லாவற்றிற்கும் மேலாக, செருப்பை நீக்க முடியவில்லை. சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் சந்நிதிக்கு மக்கள் செலுத்தும் காணிக்கை என்னவென்று நினைக்கிறீர்கள்? பொன்னன்று, பட்டன்று. தோல் செருப்பு! கோயிலுக்குள் நுழையுமுன் எதை வாயிலில் கழற்றி விடுகிறோமோ, அதையே சந்நிதியில் காணிக்கையாகத் தொங்கவிடுகின்றனர். இவ்வாண்டு கட்டிய புதுச் செருப்பு அடுத்த ஆண்டு தேய்ந்திருக்கும், இரவில் பட்டவராயன் அதை அணிந்து காட்டில் நடக்கிறான் என்பது அவர்கள் நம்பிக்கை. தேய்கிறதோ இல்லையோ, நாம் அறியோம். அச்செருப்பு அங்கே தொங்கும் வரையில், அவன் யார் வீட்டு மருமகனானான், என்ன தொழில் செய்தான் என்பதை எந்த ஏட்டுத் திருத்தமும் மறைக்க முடியாது என்பதை அறிவோம்.

இக்கதையைப் படித்துவிட்டு, பிற சமயத்தாரை நோக்கி விரல் நீட்ட நமக்கு உரிமை இருப்பதாக எவரும் எண்ண வேண்டாம். குமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்ட மறைசாட்சி தேவசகாயத்தின் வரலாற்றை நம் முன்னோர் நாடகமாகவும் பாடலாகவும் போற்றி வந்தனர். சாதி வேற்றுமை பாராது எல்லாரோடும் பழகினார் என்பது அவர்மீது சினம் மூண்டதற்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கூறப்படுகிறது. அப்படிப்பட்டவரின் பெயரோடும் நாம் நெடுங்காலமாகச் சாதிப் பட்டத்தைச் சேர்த்தே அழைத்து வந்தோம். அவர் புனிதராக உயர்த்தப்பட்ட வேளையில்தான், 2022 மே 15 அன்று உரோமையில், அப்பட்டம் இல்லாத பெயர் உலகறிய ஒலித்தது. அப்பட்டத்தை விட்டுவிட இத்தனை காலம் ஆயிற்று. நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் எழுந்த சுவர்களைப் பற்றி இங்கே விரிக்கப் போவதில்லை. அறிந்தவர் அறிவர்.

மீண்டும் பாட்டுக்கு வருவோம். நம் இல்லங்களிலும் இத்தகைய பாட்டுகள் இருந்தன. வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் கோயில்கொண்டுள்ள நல்லதங்காளின் கதையைப் பாடக் கேட்டு அழாத பாட்டிமார் அக்காலத்தில் இல்லை. பஞ்சத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்து, அண்ணியால் விரட்டப்பட்டு, ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த பெண் அவள். அதுவன்றி, அந்தந்த ஊரில் மட்டும் வழங்கிய சிறு பாட்டுகள் எத்தனையோ. நாற்று நடும்போது பாடிய பாட்டில் கொடுங்கோல் கங்காணியின் பெயர் வரும். ஒப்பாரியில் மருமகளை வதைத்த மாமியின் செயல் வரும். கும்மியில் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டவனின் ஊர் வரும். அச்சேறாத இப்பாட்டுகள் பாடியவரோடு மண்ணுக்குள் போகின்றன. நடவுக்கு இயந்திரம் வந்தபின் நடவுப் பாட்டுக்கு இடமில்லை. இழவு வீட்டில் ஒலிபெருக்கி வந்தபின் ஒப்பாரிக்கு இடமில்லை. விடிய விடிய நடந்த கொடைப் பாட்டும் பல ஊர்களில் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கதையைச் சுருக்க வேண்டியிருக்கும்போது எந்தப் பகுதி முதலில் விடப்படும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆதலின் நம் இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் ஊரிலும் வீட்டிலும் எழுபது, எண்பது வயதைக் கடந்த தாய்மார் இருப்பார்கள். பெரிய ஆராய்ச்சி ஒன்றும் வேண்டா. கைப்பேசியை அருகில் வைத்துவிட்டு, அம்மாச்சி, நடவில் என்ன பாடுவீர்கள் என்று கேட்டாலே போதும். முதலில் வெட்கப்பட்டு மறுப்பார்கள். அடுத்த வீட்டுக் கிழவியையும் அழைத்து வந்து உட்கார வையுங்கள். ஒருவர் விட்ட அடியை மற்றவர் எடுத்துக் கொடுப்பார். வேலை செய்துகொண்டே பாடியவர்களுக்குச் சும்மா உட்கார்ந்தால் பாட்டு வராது. கையில் முறத்தையோ துடைப்பத்தையோ கொடுங்கள், வந்துவிடும்.

எழுதும்போது அவர்கள் வாயில் வந்த சொல்லையே எழுதுங்கள். கொச்சை என்று செந்தமிழாக்க வேண்டா. பாட்டில் வரும் ஆள் யார், எந்த ஊரார், அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்று எங்கே இருக்கின்றனர் என்று கேட்டு ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பாடியவரின் பெயரையும் நாளையும் மறவாமல் எழுதுங்கள். பாடிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று, இந்த இடத்தை அந்தக் காலத்தில் வேறு மாதிரிப் பாடுவார்கள், இப்போது அப்படிப் பாடுவதில்லை என்று சொல்லித் தயங்கினால், அவசரப்படுத்தாமல் காத்திருந்து, அந்த வேறு மாதிரியையும் பாடச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.